டோல்ச்செட்டோ

டோல்ச்செட்டோ என்பது இத்தாலியின் வடமேற்கில் அமைந்துள்ள பியேமோன்ட் மண்டலத்தில் பயிரிடப்படும் கருந்திராட்சை வகைகளுள் ஒன்றாகும். இத்திராட்சையிலிருந்து பெறப்படும் சிவப்பு வைனும் இதே பெயரால் அழைக்கப்படுகிறது. இந்த வைன் பெரும்பாலும் ஓக் மரப் பீப்பாய்களில் வைக்கப்படுவதில்லை. அறுவடைக்கு அடுத்த ஆண்டிலேயே புட்டிகளில் அடைக்கப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அருந்தப்படுகிறது.

பியேமோன்ட் மண்டலம் பரோலோ, பார்பரெஸ்கோ ஆகிய விலையுயர்ந்த வைன்களுக்காக உலகெங்கும் அறியப்பட்டதாகும். எனினும் அவற்றை உற்பத்தி செய்யும் குடும்பங்களின் உணவு மேசையில் நாள்தோறும் இடம்பெற்று வந்தது டோல்ச்செட்டோவே. பரோலோ விற்பனைக்கும் விழா நாட்களுக்கும் உரியது, டோல்ச்செட்டோ வீட்டுச் சாப்பாட்டுக்கு உரியது என்பது அப்பகுதியின் நெடுநாள் வழக்கம். விரைவில் பழுப்பது, புளிப்பு குறைந்திருப்பது, பீப்பாய் தேவைப்படாதது ஆகிய இயல்புகளே இதனை அன்றாட வைனாக ஆக்கின. அண்மைக் காலத்தில் இதன் சாகுபடிப் பரப்பு குறைந்து வருவதற்கும் இந்த 'அன்றாட வைன்' என்ற நிலையே ஒரு காரணமாக உள்ளது.

பெயர்

இத்தாலிய மொழியில் 'டோல்ச்சே' என்றால் இனிப்பு என்று பொருள். அதன்படி டோல்ச்செட்டோ என்பதற்கு 'சிறிய இனிப்பு' எனப் பொருள் கொள்ளலாம். பெயரைக் கண்டு இது இனிப்பான வைன் என்று பலர் தவறாக எண்ணுவதுண்டு. உண்மையில் திராட்சையின் சர்க்கரை முழுவதும் நொதித்து ஆல்ககாலாக மாறிவிடுவதால் இது இனிப்பற்ற வைன் ஆகும். பழுத்த பழத்தில் புளிப்பு குறைவாக இருப்பதால் அது பிற வைன் திராட்சைகளை விட இனிப்பாகத் தோன்றும். பெயர் பழத்தைக் குறித்து வந்ததேயன்றி வைனைக் குறித்து வந்ததன்று என்பது பரவலான கருத்து. பியேமோன்ட் வட்டார மொழியில் சிறு குன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்று கூறுவோரும் உளர்.

அண்டை மண்டலமான லிகூரியாவின் மலைப்பகுதியில் இத்திராட்சை 'ஓர்மியாஸ்கோ' என்று வழங்கப்படுகிறது. பிரான்சின் சவோய் பகுதியில் விளையும் 'தூஸ் நுவார்' என்னும் திராட்சையும் இதுவும் ஒன்றே என முன்னர் கருதப்பட்டது. மரபணு ஆய்வுகள் இவை இரண்டும் வெவ்வேறானவை எனக் காட்டியுள்ளன.

வரலாறு

டோல்ச்செட்டோவின் தாயகமாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுவது லாங்கே எனப்படும் குன்றுப் பகுதியாகும். இது டானரோ ஆற்றுக்குத் தெற்கே, ஆல்பா நகரைச் சுற்றி அமைந்துள்ளது. இப்பகுதியின் தென்பால் உள்ள டொல்யானி என்னும் சிற்றூரின் ஆவணங்களில் 1593ஆம் ஆண்டைச் சேர்ந்த அறுவடை ஆணை ஒன்று உள்ளது. இத்திராட்சையைக் குறித்த நாளுக்கு முன்னர் அனுமதியின்றிப் பறிக்கலாகாது என அது விதிக்கிறது. பிற வகைகளுக்கு முன்பே பழுக்கும் திராட்சைக்கு இத்தகைய கட்டுப்பாடு தேவைப்பட்டிருப்பது இயல்பே.

லாங்கே பகுதிக்கும் தெற்கே உள்ள லிகூரியக் கடற்கரைக்கும் இடையில் நெடுங்காலமாகப் பண்டமாற்று நடந்து வந்தது. மலைப் பாதைகள் வழியே உப்பும் ஆலிவ் எண்ணெயும் உப்பிட்ட நெத்திலி மீனும் வடக்கே வந்தன. வைனும் பிற விளைபொருட்களும் தெற்கே சென்றன. கடலே இல்லாத பியேமோன்டின் சமையலில் நெத்திலி இன்றளவும் முக்கிய இடம் பெற்றிருப்பதற்கு இப்பாதைகளே காரணம்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டோல்ச்செட்டோ புட்டிகளில் விற்கப்பட்டதை விட மொத்தமாக விற்கப்பட்டதே மிகுதி. பிரம்பு அல்லது வைக்கோல் உறையிட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அது விற்கப்பட்டது. 'டமிஜானா' எனப்படும் இக்குடுவையின் வழக்கமான கொள்ளளவு 54 லிட்டர் ஆகும். நகரக் குடும்பங்கள் அதனை வாங்கிச் சென்று, தாமே புட்டிகளில் நிரப்பி, ஆண்டு முழுவதும் பயன்படுத்தின. உணவுக்குரிய மளிகைப் பொருள்களுள் ஒன்றாகவே வைன் கருதப்பட்டது.

டொல்யானியின் வைன் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர் லூயிஜி எய்னாவுடி ஆவார். 1874ஆம் ஆண்டு அண்மையிலுள்ள காறூ என்னும் ஊரில் பிறந்த இவர் பொருளியல் அறிஞர். 1945 முதல் 1948 வரை இத்தாலிய மத்திய வங்கியின் ஆளுநராகவும், 1948 முதல் 1955 வரை இத்தாலியக் குடியரசின் இரண்டாவது தலைவராகவும் பணியாற்றினார். 1897ஆம் ஆண்டில், இளைஞராக இருந்தபோதே, டொல்யானியில் ஒரு பண்ணையை வாங்கி டோல்ச்செட்டோ பயிரிடத் தொடங்கினார். அப்பண்ணை அவரது பெயராலேயே இன்றும் வைன் உற்பத்தி செய்து வருகிறது.

1986ஆம் ஆண்டு இத்தாலியில் மலிவு விலை வைனில் மெத்தனால் கலக்கப்பட்டதால் பலர் உயிரிழந்தனர். சிலர் பார்வை இழந்தனர். இக்கலப்படத்துக்கும் டோல்ச்செட்டோ என்ற திராட்சை வகைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், தயாரித்தவர் பெயர் தெரியாத மொத்த வைன் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை இதனால் பெரிதும் குலைந்தது. பியேமோன்டின் சிறு விவசாயிகள் பலர் குடுவை விற்பனையைக் கைவிட்டு, தம் பெயரிட்ட புட்டிகளில் விற்கும் முறைக்கு மாறும் போக்கு இதன் பின்னர் வலுப்பெற்றது.

2014ஆம் ஆண்டில் லாங்கே, ரொயேரோ, மோன்ஃபெராட்டோ ஆகிய பகுதிகளின் திராட்சைத் தோட்ட நிலக்காட்சி யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

திராட்சைக் கொடி

பியேமோன்டின் முதன்மையான கருந்திராட்சைகள் நெபியோலோ, பார்பெரா, டோல்ச்செட்டோ ஆகிய மூன்றாகும். இவற்றுள் முதலில் பழுப்பது டோல்ச்செட்டோ. இது பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில் பறிக்கப்படுகிறது. பரோலோ, பார்பரெஸ்கோ வைன்களுக்கு மூலமான நெபியோலோ இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்தே பழுக்கிறது.

இந்த வேறுபாடு நிலப் பயன்பாட்டைத் தீர்மானித்தது. தாமதமாகப் பழுக்கும் நெபியோலோவுக்கு வெயில் மிகுதியாகத் தேவை. எனவே தெற்கு நோக்கிய சிறந்த சரிவுகள் அதற்கு ஒதுக்கப்பட்டன. உயரமான, குளிர்ந்த, வெயில் குறைந்த சரிவுகளில் டோல்ச்செட்டோ நடப்பட்டது. முன்னதாகப் பழுப்பதால் அத்தகைய இடங்களிலும் அது முதிர்ச்சி அடைந்துவிடும். மேலும், இதன் அறுவடை முதலில் முடிந்துவிடுவதால் தொட்டிகளும் ஆட்களும் நெபியோலோ அறுவடைக்குக் கிடைப்பர். நெபியோலோ வைன் பல ஆண்டுகள் பீப்பாயில் காத்திருக்க வேண்டியிருக்கையில், டோல்ச்செட்டோ அடுத்த ஆண்டிலேயே விற்பனையாகிப் பணமாக மாறியது. ஒரு சிறு விவசாயியின் ஆண்டு வரவு செலவில் இது இன்றியமையாததாக இருந்தது.

டொல்யானி, டியானோ டி ஆல்பா, ஒவாடா ஆகிய ஊர்களில் நிலைமை வேறு. அங்கு சிறந்த சரிவுகளிலும் டோல்ச்செட்டோவே நடப்பட்டது. டியானோவில் நல்ல வெயில் படும் சரிவுகள் 'சோரி' என்னும் வட்டாரச் சொல்லால் பெயரிடப்பட்டு வரையறுக்கப்பட்டுள்ளன.

இக்கொடியை வளர்ப்பது எளிதன்று. பழக்காம்பு வலுவற்றது. அறுவடை நெருங்கும் நேரத்தில் காற்றோ திடீர் வெப்பநிலை மாற்றமோ ஏற்பட்டால் பழங்கள் கொத்திலிருந்து உதிர்ந்துவிடும். பூஞ்சை நோய்களாலும் பாதிக்கப்படக்கூடியது. ஈரமான ஆண்டுகளில் கவனம் தேவைப்படுகிறது.

தயாரிப்பு முறை

சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் பழச்சாற்றிலிருந்து அன்றி, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகின்றன. பிழிந்த சாறு தோலுடனும் விதையுடனும் எத்தனை நாட்கள் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வைனின் தன்மை மாறும்.

டோல்ச்செட்டோவின் தோலில் ஆந்தோசயனின் எனப்படும் நிறமிகள் மிகுதியாக உள்ளன. இவை நீரில் எளிதில் கரைபவை. எனவே நொதித்தலின் முதல் சில நாட்களிலேயே ஆழ்ந்த ஊதா நிறம் சாற்றில் இறங்கிவிடுகிறது. விதையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அவ்வாறன்று. அது ஆல்ககாலில் கரைவது மிகுதி. நொதித்தல் முன்னேறி ஆல்ககாலின் அளவு உயர உயரவே அது பெருமளவில் வெளிவரும். ஆகவே நொதித்தல் முற்றுப்பெறும் முன்னரோ, முற்றுப்பெற்ற உடனேயோ தோலையும் விதையையும் நீக்கிவிட்டால், நிறம் முழுமையாகவும் கடுமையான துவர்ப்பு குறைவாகவும் உள்ள வைன் கிடைக்கும். டோல்ச்செட்டோ தயாரிப்பின் அடிப்படை உத்தி இதுவே.

நடைமுறையில் பின்பற்றப்படும் படிகள் வருமாறு:

1. கொத்துகள் பறிக்கப்பட்டு, காம்புகள் நீக்கப்படுகின்றன. பழங்கள் மெதுவாக நசுக்கப்படுகின்றன.
2. சாறும் தோலும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியிலோ சிமென்ட் தொட்டியிலோ சேர்ந்து நொதிக்கின்றன. இது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மரபான முறையில் பரோலோவுக்கு இதே கட்டம் மூன்று வாரங்களுக்கு மேலும் நீள்வதுண்டு.
3. தோலும் விதையும் பிரிக்கப்படுகின்றன. விதைகள் நசுங்காதவாறு மென்மையாகப் பிழிவது அவசியம்.
4. பின்னர் பாக்டீரியாக்களின் செயலால் கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறுகிறது.
5. குளிர்காலத்தில் வண்டல் படிகிறது. வைன் ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் பலமுறை மாற்றப்படுகிறது.
6. அடுத்த ஆண்டின் வசந்த காலத்திலோ கோடையிலோ புட்டிகளில் அடைக்கப்படுகிறது.

ஐந்தாவது படி டோல்ச்செட்டோவுக்கு மிக முக்கியமானது. மூடிய தொட்டியில் ஆக்சிசன் போதாத நிலையில் இந்த வைன் அழுகிய முட்டையை ஒத்த கந்தக வாடையை எளிதில் பெற்றுவிடும். தொட்டி மாற்றும்போது படும் காற்று இதனைத் தடுக்கிறது. குறைந்த காலத்தில் தயாராகும் வைன் என்பதால் குறைந்த உழைப்பில் தயாராவது என்று கொள்ளலாகாது.

ஓக் பீப்பாய் தவிர்க்கப்படுவதன் காரணங்கள்

ஓக் பீப்பாய் வைனுக்கு இரண்டு விளைவுகளைத் தருகிறது. ஒன்று, மரத்தின் நுண்துளைகள் வழியே சிறிதளவு காற்று புகுந்து வைனை மெல்ல முதிரச் செய்கிறது. மற்றொன்று, புதிய மரம் தனது டானினையும் வெனிலா, கிராம்பு, புகை போன்ற மணங்களையும் வைனில் சேர்க்கிறது.

டோல்ச்செட்டோவில் தனக்கே உரிய துவர்ப்பு போதிய அளவு உள்ளது. அதனைச் சமன்செய்யும் புளிப்போ குறைவு. இதனுடன் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் வைன் கசப்பாகவும் கனமாகவும் மாறிவிடுகிறது. இதன் சிறப்பான பழ மணமும் மறைந்துவிடும். செலவும் ஒரு காரணமாகும். 225 லிட்டர் கொள்ளும் சிறிய பிரெஞ்சுப் பீப்பாய் ஒன்றின் விலை பல நூறு யூரோக்கள். அச்செலவை அன்றாட வைனின் விலையில் ஈடுகட்ட இயலாது. 1980களிலும் 1990களிலும் பியேமோன்டில் இச்சிறு பீப்பாய்கள் பரவியபோது, சிலர் டோல்ச்செட்டோவையும் அவற்றில் வைத்துப் பார்த்தனர். நீண்ட நாள் வைக்கத்தக்க சில வைன்களுக்குப் பெரிய பழைய மரத்தொட்டிகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் பெரும்பான்மையான உற்பத்தி எஃகு, சிமென்ட் தொட்டிகளிலேயே நிகழ்கிறது.

நிறமும் சுவையும்

இளம் டோல்ச்செட்டோ ஆழ்ந்த சிவப்பு நிறமும் ஓரத்தில் ஊதாச் சாயலும் கொண்டது. கருஞ்செர்ரி, பிளம், கருப்பு பெர்ரி ஆகிய பழங்களின் மணம் முதன்மையாக இருக்கும். சிலவற்றில் அதிமதுரத்தின் சாயலும் உண்டு. விழுங்கிய பின் நாவில் எஞ்சும் இலேசான வாதுமைக் கசப்பு இதன் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆல்ககால் பொதுவாக 12 முதல் 13.5 விழுக்காடு வரை இருக்கும்.

வைன் சுவையில் 'டானின்' என்று குறிப்பிடப்படுவது தமிழில் துவர்ப்பு எனப்படும் சுவையே. பாக்கு மெல்லும்போதோ, கட்டாந்தேநீர் அருந்தும்போதோ நாவும் ஈறும் வறண்டு இறுகுவது போன்ற உணர்வு இதனால் உண்டாகிறது. பியேமோன்டின் மூன்று திராட்சைகளையும் புளிப்பு, துவர்ப்பு என்னும் இரு அளவுகோல்களால் பின்வருமாறு வேறுபடுத்தலாம்:

- டோல்ச்செட்டோ: புளிப்பு குறைவு; துவர்ப்பு நடுத்தரம். இளமையில் அருந்தத்தக்கது.
- பார்பெரா: புளிப்பு மிகுதி, துவர்ப்பு குறைவு. இளமையிலும், சில ஆண்டுகள் வைத்தும் அருந்தலாம்.
- நெபியோலோ: புளிப்பும் மிகுதி, துவர்ப்பும் மிகுதி. மென்மையடையப் பல ஆண்டுகள் தேவை. பரோலோ வைன் விற்பனைக்கு வருமுன் குறைந்தது 38 மாதங்கள் வைக்கப்பட வேண்டும். அதில் 18 மாதங்கள் மரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அன்றாட உணவுடன்

டானின் மூலக்கூறுகள் புரதங்களுடன் பிணையும் இயல்புடையவை. வெறும் வாயில் வைனை அருந்தினால் அவை உமிழ்நீரிலுள்ள புரதங்களுடன் பிணைந்து வறட்சியை உண்டாக்குகின்றன. இறைச்சி, பாலாடைக்கட்டி, முட்டை போன்றவற்றுடன் அருந்தும்போது உணவிலுள்ள புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கின்றன. அதே வேளையில் துவர்ப்பு வாயில் படிந்த கொழுப்பின் திகட்டலை நீக்குகிறது. இதனாலேயே தனியாகச் சுவைக்கையில் சற்றுக் கரடாகத் தோன்றும் டோல்ச்செட்டோ, சாப்பாட்டுடன் சேரும்போது இணக்கமாகிறது. வைனை மட்டும் வரிசையாகச் சுவைத்து மதிப்பெண் இடும் முறையில் இந்த இயல்பு வெளிப்படுவதில்லை.

பியேமோன்டில் ஒரு சாப்பாடு பல சிறு பதார்த்தங்களுடன் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வைன் என்பது விருந்துகளில் மட்டுமே. வீட்டில் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே புட்டி மேசையில் இருக்கும். பலவகை உணவுகளுக்கும் இடையூறின்றிப் பொருந்துவது அன்றாட வைனுக்கு வேண்டிய முதல் தகுதியாகும்.

பொருந்தும் உணவுகள்:

- தாயரின்: முட்டை மஞ்சள் கரு மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய இழைகளாக வெட்டப்பட்ட பாஸ்தா. வெண்ணெய் அல்லது இறைச்சிக் குழம்புடன் உண்ணப்படுகிறது.
- அன்யோலோட்டி டெல் பிலின்: வறுத்த இறைச்சியும் கீரையும் பூரணமாக வைத்து விரலால் கிள்ளி மூடப்பட்ட சிறு பாஸ்தா. 'பிலின்' என்பது கிள்ளுதலைக் குறிக்கும்.
- விட்டெல்லோ டொன்னாட்டோ: வேகவைத்துக் குளிரவைத்த கன்றிறைச்சித் துண்டுகளின் மேல் சூரைமீன் சேர்த்த குழைவான சாறு ஊற்றிய உணவு.
- பான்யா காவ்டா: பூண்டு, உப்பிட்ட நெத்திலி, எண்ணெய் ஆகியவற்றைச் சிறு தீயில் குழைத்துச் சூடாக வைத்து, அதில் காய்கறிகளைத் தோய்த்து உண்பது. குளிர்காலத்தில் பலர் கூடி உண்ணும் உணவு இது.
- பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டுகள், ரோபியோலா போன்ற மென்மையான பாலாடைக்கட்டிகள், பொலென்டா எனப்படும் சோளமாவுக் களி, பருப்பு வகைச் சூப்புகள், பீட்சா.

டொல்யானியில் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கூடும் சந்தையில் 'சிஸ்ரா' எனப்படும் கொண்டைக்கடலை, குடல் இறைச்சி சேர்த்த சூப் பெரிய கொப்பரைகளில் இரவு முழுவதும் காய்ச்சப்பட்டு, விடியற்காலை முதல் வழங்கப்படுகிறது. இதனுடன் சேர்த்து அருந்தப்படுவது உள்ளூர் டோல்ச்செட்டோ ஆகும்.

பொருத்தம் குறைந்தவையும் உள்ளன. தக்காளிச் சாறு மிகுந்த உணவின் புளிப்புக்கு முன் புளிப்பு குறைந்த வைன் சப்பென்று தோன்றும். அதற்கு பார்பெரா பொருத்தமானது. பீட்சாவில் தக்காளியுடன் பாலாடைக்கட்டியும் இருப்பதால் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. மிளகாய்க் காரம் மிகுந்த உணவு வைனின் துவர்ப்பையும் ஆல்ககாலின் எரிவையும் கூட்டிக்காட்டும். வினிகர் ஊற்றிய பச்சைக் காய்கறிக் கலவையும் இனிப்புப் பண்டங்களும் இதற்கு ஏற்றவை அல்ல.

பரிமாறுதலும் பாதுகாத்தலும்

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்னும் வழக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் தோன்றியது. டோல்ச்செட்டோவுக்கு 14 முதல் 17 பாகை செல்சியசு வரை ஏற்றது. அதற்கு மேல் சூடானால் ஆல்ககால் முன்னே தெரிந்து, பழ மணம் மங்கிவிடும். மிகவும் குளிர்ந்தால் துவர்ப்பு கூடித் தோன்றும். வெப்பமான நாட்களில் அருந்துவதற்கு முன் ஏறத்தாழ அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது போதுமானது.

புட்டியைத் திறந்தவுடன் இலேசான கந்தக வாடை தென்பட்டால் வைனை ஒரு கூசாவில் ஊற்றிச் சற்று நேரம் காற்றுப்படவிடலாம். முதிர்ந்த வைன்களுக்குச் செய்வது போன்ற நீண்ட ஆயத்தம் இதற்குத் தேவையில்லை. கோப்பையும் தனி வகையாக இருக்க வேண்டியதில்லை. பியேமோன்டின் சிற்றுண்டிச் சாலைகளில் இது சாதாரணக் கண்ணாடிக் குவளைகளிலும் வழங்கப்படுகிறது. திறந்த புட்டியை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் வரை பயன்படுத்தலாம்.

சட்ட வகைகள்

இத்தாலியில் 1963ஆம் ஆண்டின் சட்டம் வைன்களுக்கான பிறப்பிடப் பெயர்க் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. இதன்படி ஒரு பெயரைப் பயன்படுத்த, திராட்சை வகை, விளையும் எல்லை, விளைச்சலின் உச்ச அளவு, குறைந்தபட்ச ஆல்ககால் ஆகிய விதிகளை நிறைவுசெய்ய வேண்டும். இந்த நிலை 'டிஓசி' எனப்படுகிறது. இதற்கு மேலான, கூடுதல் கண்டிப்புடைய நிலை 'டிஓசிஜி' ஆகும்.

- டோல்ச்செட்டோ டி ஆக்குயி: 1972 முதல் டிஓசி.
- டோல்ச்செட்டோ டி ஒவாடா: 1972 முதல் டிஓசி. இதன் உயர்வகை 2008இல் டிஓசிஜி நிலை பெற்றது.
- டோல்ச்செட்டோ டி ஆல்பா: 1974 முதல் டிஓசி. பரவலாகக் கிடைக்கும் வகை. குறைந்தபட்ச ஆல்ககால் 11.5 விழுக்காடு.
- டோல்ச்செட்டோ டி ஆஸ்தி: 1974 முதல் டிஓசி.
- டியானோ டி ஆல்பா: 1974இல் டிஓசி; 2010இல் டிஓசிஜி.
- டொல்யானி: 1974இல் டிஓசி. உயர்வகை 2005இல் டிஓசிஜி நிலை பெற்றது. 2011 முதல் டொல்யானி என்னும் ஒரே பெயரின் கீழ் இவை இணைக்கப்பட்டன.

புட்டியின் மேலுள்ள 'சுப்பீரியோரே' என்னும் சொல் கூடுதல் ஆல்ககாலையும் கூடுதல் காலம் வைக்கப்பட்டதையும் குறிக்கும். இளமையான, எளிய வைனை நாடுவோர் இச்சொல் இல்லாத, அண்மை அறுவடை ஆண்டு பொறிக்கப்பட்ட புட்டியைத் தேர்வது வழக்கம். டொல்யானி உற்பத்தியாளர்கள் திராட்சையின் பெயரை விடுத்து ஊரின் பெயரை முன்னிறுத்தியது குறிப்பிடத்தக்கது. டோல்ச்செட்டோ என்றாலே மலிவானது என்னும் எண்ணத்திலிருந்து விலகுவது இதன் நோக்கம். எனினும் ஊரின் பெயரை அறியாத வெளிநாட்டு நுகர்வோருக்கு, புட்டிக்குள் இருப்பது எந்தத் திராட்சை என்பது எளிதில் புலப்படுவதில்லை.

குறைந்துவரும் சாகுபடி

21ஆம் நூற்றாண்டில் பியேமோன்டில் டோல்ச்செட்டோ பயிரிடும் பரப்பு தொடர்ந்து சுருங்கி வருகிறது. இதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்துள்ளன.

முதலாவது, நெபியோலோவின் விலை. பரோலோவின் புகழ் உயர்ந்ததால் நெபியோலோ திராட்சைக்கும் அது விளையும் நிலத்துக்கும் மதிப்பு மிகவும் கூடியது. பரோலோ எல்லைக்கு வெளியிலும் 'லாங்கே நெபியோலோ' என்ற பெயரில் அதனை விற்க இயலும். புவி வெப்பமடைவதால், முன்பு நெபியோலோ பழுக்காத உயர்ந்த, குளிர்ந்த சரிவுகளிலும் இப்போது அது பழுக்கிறது. டோல்ச்செட்டோவுக்கென்று இருந்த இடங்களே இவ்வாறு கைமாறுகின்றன. கூடுதல் வெப்பம் டோல்ச்செட்டோவின் சர்க்கரையையும் அதனால் ஆல்ககாலையும் உயர்த்தி, ஏற்கனவே குறைவான புளிப்பை மேலும் குறைக்கிறது.

இரண்டாவது, கொட்டைப் பயிர். லாங்கேயின் உயர்ந்த பகுதிகளில் ஹேசல் கொட்டை மரபாகவே பயிராகிறது. 1946இல் ஆல்பாவில் தொடங்கப்பட்ட ஃபெரேரோ நிறுவனத்தின் இனிப்புத் தொழிலால் இதற்கு நிலையான தேவை உருவானது. சரிவுகளில் திராட்சைக் கொடியைப் பேணுவதை விட இதற்கு ஆள் உழைப்பு குறைவு.

மூன்றாவது, குடிப்பழக்கத்தில் ஏற்பட்ட மாற்றம். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் வைன் அருந்தினார். இன்று அது நாற்பது லிட்டருக்கும் குறைவு. நாள்தோறும் இருவேளை உணவுடன் வைன் என்ற வழக்கம் மறைந்து, எப்போதாவது ஒரு நல்ல புட்டி என்ற வழக்கம் வந்துள்ளது. நாள்தோறும் அருந்துவதற்கென்றே அமைந்த வைன் இதனால் தனக்குரிய இடத்தை இழந்தது.

மறுபுறம், இலேசான, பழ மணம் மிகுந்த, மரத்தின் சுவை ஏறாத சிவப்பு வைன்களை நாடும் போக்கு அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் காணப்படுகிறது. பரோலோ உற்பத்தியாளர்களுள் பலர் இலாபம் குறைவாயினும் டோல்ச்செட்டோ தோட்டங்களைக் கைவிடாமல் வைத்துள்ளனர். டொல்யானி, ஒவாடா போன்ற ஊர்களில் இதுவே இன்றும் முதன்மை வைனாக உள்ளது.

பிற நாடுகளில்

இத்தாலியிலிருந்து புலம்பெயர்ந்தோர் வழியாக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டோல்ச்செட்டோ சிறிதளவு பயிரிடப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும், குறிப்பாக விக்டோரியா மாநிலத்தில், இதன் தோட்டங்கள் உள்ளன. எனினும் இத்திராட்சையின் பெரும்பகுதி இன்றும் பியேமோன்டிலேயே விளைகிறது.

உடல்நலம்

750 மில்லிலிட்டர் புட்டியில் 12.5 விழுக்காடு ஆல்ககால் உள்ள வைனில் ஏறத்தாழ 74 கிராம் தூய ஆல்ககால் உள்ளது. 125 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் உள்ளது. உணவுடன் அருந்தும்போது ஆல்ககால் குருதியில் கலக்கும் வேகம் குறையுமேயன்றி அதன் மொத்த அளவு குறையாது. அளவான சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்னும் கருத்து 1990களில் பரவலாக இருந்தது. பின்வந்த ஆய்வுகள் அதனைப் பெரிதும் ஐயத்துக்குள்ளாக்கியுள்ளன. ஆல்ககாலில் முற்றிலும் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது.

இவற்றையும் பார்க்க

- வைன்
- பார்பெரா
- நெபியோலோ
- பரோலோ
- பியேமோன்ட்
- நொதித்தல்
- லூயிஜி எய்னாவுடி